பத்தாவது டிக்கெட்

1

இந்தக் கதையை எழுதும்படி ரீத்தா என்னிடம் கேட்கவில்லை. முதல் வரைவை வாசித்துக் காட்டியபோது பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"கள்ளம் எழுதாத தம்பி. நீ எந்திரிச்சுப் போனல்லா?"

போனேன். அதனால் இது இரண்டாவது வரைவு.

2

"கடலோரத்தில் ஒரு காலைப் பொழுது, அலைகள்..." (வேண்டாம். கதை நடந்தது நாகர்கோவிலில், ஏசி அரங்கில்.)

"ஒரு காலத்தில் நம் ஊர் டாக்கீஸில்..." (இதுவும் வேண்டாம். அங்கே மூட்டைப்பூச்சி கடித்தது, கழிப்பறைக்குப் போகப் பெண்கள் பயந்தார்கள். மல்டிபிளெக்ஸ் வந்த பிறகுதான் தனியாகப் படத்துக்குப் போகத் துணிந்தேன் என்று ரீத்தாவே சொல்கிறார். பழசுக்காக நான் அழப்போவதில்லை.)

ரீத்தா கருங்கல் சந்தையில் மீன் விற்பவர். வயது ஐம்பத்துமூன்று. மகள் லிஜா கொச்சியில் எடிட்டிங் வேலை பார்க்கிறாள். சேர்த்துவைத்த சம்பளத்தில் அவள் ஒரு படம் எடுத்தாள். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு விதவையின் கதை. நாயகி, அவள் அம்மாவேதான். படத்தின் பெயர் 'கணவாய்'. (மலைக்கணவாய். சந்தைப் பெண்கள் மீன் என்றே நினைத்திருந்தார்கள்.) லிஜா இரண்டு முடிவுகளைப் படம்பிடித்தாள். எதை வைத்தாள் என்று மட்டும் சொல்லவில்லை.

"தியேட்டர்ல பாரும்மா" என்றாள்.

3

அதே வெள்ளிக்கிழமை ஒரு பெரிய படமும்* வந்தது. நாகர்கோவில் மாலில் நான்கு திரைகள், நாளுக்குப் பத்தொன்பது காட்சிகள். பதினெட்டு அதற்கு. 'கணவாய்'க்கு நான்காம் திரையில் காலைக் காட்சி ஒன்று.

(எனக்குள் இருக்கும் கட்டுரையாளன் இங்கே மூக்கை நுழைக்கிறான்: திரைகள் பெருகினால் படங்கள் பெருகும் என்று நம்பினோம். பெருகியது ஒரே படத்தின் காட்சி நேரங்கள். முதல் மூன்று நாளில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சின்னப் படத்தைப் பற்றி ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி முடிப்பதற்குள் போஸ்டரே போய்விடுகிறது.)

சனிக்கிழமை காலை பத்து மணி. அரங்கில் இரண்டே பேர், ரீத்தாவும் அவருக்குத் துணையாகப் போன நானும். மேலாளர் அனிஷ் வந்தார். முப்பது வயதிருக்கும், பணிவாகப் பேசுகிறவர்.

"பத்து பேராவது இல்லாம ஷோ போட முடியாதும்மா. ஒண்ணாம் ஸ்கிரீன்ல ரெண்டு சீட் இருக்கு. மாத்தித் தரட்டா?"

"எனக்கு இந்தப் படம் போதும்."

"இதுல யாரு நடிச்சிருக்கான்னே ஆளுகளுக்குத் தெரியாதும்மா."

"நான் நடிச்சிருக்கேன் மக்களே."

அனிஷ் சிரிக்கவில்லை. ரீத்தாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"பத்து பேரு வந்தா போடுவியா?" என்று கேட்டார் ரீத்தா.

"போடுவேன்."

ரீத்தா கைப்பேசியை எடுத்தார்.

முதல் வரைவில் நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உண்மையில் மாற்று டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஒன்றாம் திரைக்குப் போனேன். படம் நன்றாகவே இருந்தது. இரண்டு முறை விசிலடித்தேன்.

* பெயர் எழுதவில்லை. அதற்கு என் விளம்பரம் தேவையில்லை.

4

இடைவேளையில் பாப்கார்ன் வாங்க வெளியே வந்தேன். டிக்கெட் கவுண்டரில் எட்டுப் பெண்கள். சனிக்கிழமை வியாபாரத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டு, கருங்கலிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். காவலாளி மூக்கைப் பொத்தினார்.

"சாப்பிடும்ப மட்டும் மணக்கும், இல்லியா? வழிய விடும்" என்றார் முன்னால் நின்றவர்.

ரீத்தாவையும் சேர்த்தால் ஒன்பது. அனிஷ் மறுபடி எண்ணினார். ஒன்பதுதான். வாசலில் நின்ற ரீத்தா என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை.

பத்தாவது டிக்கெட்டை நான் எடுத்தேன். (இந்த இடத்தில் 'துணிச்சல்' என்று எழுதி அடித்தேன். வெட்கம் என்பதே சரி.)

"ஒண்ணே காலுக்கு அடுத்த ஷோ இருக்கு. அதுவரைக்கும்தான் ஓட்ட முடியும்" என்றார் அனிஷ். அப்போது மணி பதினொன்று ஐம்பது. படமோ இரண்டு மணி நேரம்.

5

திரையில் ரீத்தா முதல்முறை ஸ்கூட்டரில் ஏறியதும் அரங்கம் கத்தியது.

"ஏட்டி ரீத்தா, பிரேக்கப் பிடி!"

"கீழ பாக்காதட்டி, நேர பாரு!"

எட்டுப் பேரும் அவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். ரீத்தா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு திரையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று பத்துக்கு, திரையில் அவர் ஆரல்வாய்மொழிக் கணவாயில் தனியாக வண்டி ஓட்டி வந்துகொண்டிருந்தார். பின்னால் காற்றாலைகள். காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. ஹேண்டில் நடுங்கியது. அரங்கின் விளக்குகள் எரிந்தன.

யாரும் எழவில்லை. பெரிய படத்துக்கான கூட்டம் உள்ளே வந்து வரிசைகளுக்கிடையில் நின்றது.

"முழுப் படத்துக்குத்தானே டிக்கெட்டு தந்திய?" என்று பெண்கள் கேட்டார்கள்.

"எனக்க வேலை போயிரும்மா" என்றார் அனிஷ்.

ரீத்தா எழுந்தார். "ஒனக்காவ எந்திரிக்கேன் மக்களே. ஒனக்க முதலாளிக்காவ இல்ல. அடுத்த வெள்ளியும் வருவேன், பாத்துக்கிடு."

6

முடிவு அ: நின்றிருந்த கூட்டம் கைதட்டியது. (இந்த வரியை அடித்துவிடச் சொன்னார் ரீத்தா. "ஒருத்தன் எனக்க சீட்டு நம்பரக் கேட்டான். அவ்வளவுதான்.")

முடிவு ஆ: அனிஷ் வேலையை விட்டெறிந்து... (அவருக்குக் குடும்பம் இருக்கிறது. இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.)

நடந்தது இது. திங்கட்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள். லிஜா கொச்சியிலிருந்து லேப்டாப்போடு வந்தாள். "மிச்சத்த இதுல பாரும்மா" என்றாள்.

ரீத்தா அதை மூடினார். "அங்க நான் எம்புட்டு பெருசா இருந்தேன், தெரியுமா? இதுக்குள்ள எதுக்குட்டி என்னப் போட்டு அடைக்க?"

ஒவ்வொரு வெள்ளியும் அவர் நாகர்கோவில் பஸ் ஏறுகிறார். கவுண்டரில் 'கணவாய்' இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்கிறார்கள். அடுத்த வெள்ளியும் போகிறார். போன வாரம் சந்தையிலிருந்து பதினாறு பேர் அவரோடு போனார்கள்.

லேப்டாப்பில் நான் முழுப் படத்தையும் பார்த்துவிட்டேன். லிஜா எந்த முடிவை வைத்தாள் என்று எனக்குத் தெரியும். அதை எழுதித்தான் இந்தக் கதையை முடிப்பதாக இருந்தேன்.

"எழுதாத" என்றார் ரீத்தா. "நீ எழுதினா எல்லாவனும் வாசிச்சிட்டு வீட்ல இருப்பான். தெரியணும்னா தியேட்டர்ல போயி கேக்கட்டு."

எழுதவில்லை. கவுண்டரை ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள்.