வெளியாள் யாரும் இல்லை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இப்போதே விழட்டும்: தம்பிக்காரன் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோது, காலையில் செத்துப்போன அண்ணன் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார்.

தம்பி நிமிர்ந்தான். கூடத்தில் வேறு யாரும் கண்டுகொள்ளவில்லை.

அண்ணன் இருபத்திரண்டு வருஷம் சரக்குக் கிடங்கின் வாசல் காவலாளி. உள்ளே நுழைந்த எலியிடம்கூடப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கித்தான் விட்டார். எலிக்கு இடது கைப் பழக்கம்.

அப்பேர்ப்பட்டவருக்குப் போன வருஷம் மதியத்துக்கு மேல் இமைகள் தாமாக இறங்கின. காலையில் கழுகு, மூன்று மணிக்குக் கண் சொருகிவிடும். அதே கிடங்கில் மேற்பார்வையாளனான தம்பிக்குத் தன் மானம் போகிறதே என்று எரிச்சல். ‘வேலை நேரத்தில் தூங்குகிறார்’ என்று பெயர் போடாமல் மேலிடத்துக்கு எழுதினான். அண்ணனுக்கு வேலை போயிற்று.

நோய் பிறகுதான் பிடிபட்டது. "இது தூக்கம் இல்லைங்க," என்றார் டாக்டர். "நரம்பு அனுப்புற சேதியை வாங்கிக்கத் தசையில ஏற்பிகள்னு இருக்கு. கிருமியை அடிக்க வேண்டிய நம்ம ரத்த அணுக்களே ஆள் தெரியாம அதைக் குறிவச்சு, முடக்குற பொருளை உண்டாக்கி விடுது. நரம்பு கத்துது, தசைக்குக் கேக்கலை."

"வெளியாள் யாரும் இல்லையா?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்லை. எல்லாம் சொந்த ஆளுங்கதான்."

பக்கத்தில் நின்ற தம்பி சுவர்க் காலண்டரில் தேதி பார்த்தான். நோய் முற்றி, இன்று காலை ஆஸ்பத்திரியில் மூச்சுத் தசையும் கைவிட்டுவிட்டது.

கிடங்கு லாரி டிரைவர் தம்பியின் தோளைப் பிடித்தார். "எந்தப் புண்ணியவான் எழுதிப் போட்டானோ சார்! கையில சிக்கினான்னா அவன் மேலயே ரிவர்ஸ் எடுப்பேன்."

தம்பி தலையாட்டினான். அண்ணன் மறுபடி கண்ணைத் திறந்தார். தம்பி சன்னல் பக்கம் போனான், அந்தப் பார்வையும் கூடவே போயிற்று. சமையலறையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். அவன் வரும் வழியையே பார்த்துக் கிடந்தார் அண்ணன்.

உள்ளறையில் அண்ணி காக்கிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான்தான் எழுதினேன்."

"தெரியும்."

"அண்ணனுக்கு?"

"அந்தக் காகிதத்தை அவர்கிட்டதானே காட்டினாங்க. உங்க எழுத்து அவருக்குத் தெரியாதா?"

"என்ன சொன்னாரு?"

"சிரிக்கப் பார்த்தாரு. முகம் வரலை." அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். "நீங்க வர்றப்பல்லாம் நாற்காலி போடச் சொன்னாரு, போட்டேன். இனிமே போட மாட்டேன்."

ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் இரண்டு கண்களையும் மூடி, மேலே பிளாஸ்திரி ஒட்டித்தான் அனுப்பியிருந்தாள்; அதைக் கடைசிவரை யாரும் பிரிக்கவில்லை.