பெட்டிக்கு இருபது கிலோ

அன்று காலையிலிருந்தே தேன்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் இருபத்துநான்கு தேன்பெட்டிகளோடு, பூத்து நிற்கும் மலைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். போன வருடம் பாதி மலையில், பாதை நடுவே முண்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பாழாய்ப்போன பாறையில் பிக்கப் வண்டியின் பின்பக்கம் இடித்தது. இரண்டு பெட்டிகள் பிளந்து, ராணித் தேனீயோடு கூட்டமே போயிற்று. தேனீ குறைந்தால் தோட்டத்தில் காய்ப்பும் குறையும்; இந்த முறையும் ஒரு பெட்டி உடைந்தால் அடுத்த வருடம் வேறு ஆள் என்று தோட்டக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் பூ இல்லையென்றால் அவளுக்குத் தேனும் இல்லை, தொழிலும் இல்லை.

இடித்தது யார் குற்றம்? புருஷன் ஓட்டிய லட்சணம், வேறென்ன! ஒரு வருடமாக அவள் அதைச் சொல்லிக்காட்டாத நாள் இல்லை. அவனும் பாவம், எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

பாறையில் இடிக்காதபடி வண்டியின் பின்பக்கத்தை உயர்த்த இருவரும் ஸ்பிரிங் கடைக்கு வந்திருந்தார்கள். பின்சக்கரங்களுக்கு மேல் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் மூன்று ஜோடி சுவரில் சாய்ந்து நின்றன. முதல் ஜோடி வண்டியோடு வந்ததைப் போன்றது. நடு ஜோடி அரை டன் தாங்கும், பின்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்தும். கடைசி ஜோடி ஒரு டன் தாங்கும், காலி வண்டியை நாலு அங்குலம் தூக்கி நிறுத்தும். புருஷனின் கண் அந்தக் கடைசி ஜோடியை விட்டு நகரவே இல்லை.

"நாலு இன்ச்சே போட்டுடலாம்மா. வண்டி பாக்க கெத்தா இருக்கும்."

"இருபத்திரண்டு வயசு வண்டிக்கு என்னங்க கெத்து? அதுக்குப் பொண்ணா பாக்கப் போறோம்?" என்றாள். "காலியா வரும்போது தூக்கித் தூக்கிப் போடும். இடுப்பு கழண்டுடும்."

"சண்டையை வீட்ல வச்சுக்கங்க," என்றார் கடைக்காரர். "லோடு எவ்வளவு தங்கச்சி?"

"பெட்டிக்கு இருபது கிலோண்ணே. இருபத்துநாலு பெட்டி. நானூத்தி எண்பது!" பட்டென்று வந்தது பதில்.

"அப்ப நடு ஜோடிதான். கண்ணை மூடிட்டுப் போடலாம்."

பாத்தீங்களா என்பதுபோல் அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் வண்டி டயரைப் பார்த்துக்கொண்டான்.

எப்படி அடுக்குவோம் என்று காட்ட, வாயை அடைத்த ஒரு பெட்டியை வண்டியில் கொண்டு வந்திருந்தார்கள். ஜாக்கி வைக்கும் முன் அதை இறக்க வேண்டும். இருபது கிலோதானே என்று கடைக்காரர் ஒற்றை ஆளாகக் கை கொடுத்தார். பெட்டி அசையவில்லை. மூச்சைப் பிடித்து நெஞ்சு உயரம் தூக்கியவர் அப்படியே திரும்ப வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தார்.

"இது இருபதா? எந்த ஊர்க் கணக்கு தங்கச்சி இது? நாப்பதுக்குக் குறையாது!"

"இல்லண்ணே, நானே கொக்கித் தராசுல..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள்.

கொக்கித் தராசைப் பெட்டியின் பின்விளிம்பில் மாட்டி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் லேசாகத் தூக்கி முள்ளைப் பார்ப்பதுதான் அவர்கள் வழக்கம். இருபது காட்டினால் உள்ளே தேன் போதும், பெட்டி பயணத்துக்குத் தயார். வருடக்கணக்காக அந்த இருபதையே சொல்லிச் சொல்லி, மறுபாதி எடையைத் தரை தாங்கிக்கொண்டிருந்ததை அவள் மறந்தே போனாள்.

"ஐயையோ! தொள்ளாயிரத்து அறுபது!" நடு ஜோடியோடு போயிருந்தால் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்து, நாளைக்கும் அதே பாறை, அதே கதைதான். நல்லவேளை! நல்லவேளை! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அண்ணே, அந்தக் கடைசி ஜோடியைப் போடுங்க!"

புருஷன் ஏற்கெனவே அந்த ஜோடியில் ஒன்றைச் சுவரோரமிருந்து இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் ஏற்றினார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இருபத்துநான்காவது ஏறியபோது முன்பக்கத்தோடு மட்டமாக நின்றது. அவள் கைதட்டிவிட்டாள்.

பாறை வந்தது. அவள் இறங்கி, தரையோடு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தபடி பின்னாலேயே நடந்தாள். "போங்க... போங்க... மெதுவா..." பாறைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சம் கடைசிவரை மறையவில்லை. பெட்டிகளுக்குள் ரீங்காரம்கூட மாறவில்லை.

"தாண்டிட்டோம்!" என்று அவள் போட்ட சத்தம் மலைக்கே கேட்டிருக்கும். ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. போன வருடமும் இதே பாறைதான், இதே கைதான் ஓட்டியது. தொள்ளாயிரத்து அறுபது கிலோவை அந்தப் பழைய பட்டைகள் மேல் ஏற்றிவிட்டது அவள் சொன்ன கணக்கு. ஒரு வருடமாகத் திட்டு வாங்கியதோ அவன்.

"ஏங்க."

"ம்."

"போன வருஷம் நீங்க ஒழுங்காத்தான் ஓட்டினீங்க."

அவன் கியரை மாற்றினான். முகத்தைப் புறங்கையால் ஒருமுறை துடைத்துக்கொண்டான்.

"அது கிடக்கட்டும்," என்றான். "வண்டி கெத்தா இருக்கா, இல்லையா?"