வழி விட்டால் வழியாது

மாமியார் காரில் ஏறிக் காலை ஊன்றியதும் கீழே 'சளக்' என்றது.

பக்கத்து இருக்கையில் பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்த மருமகள் நிமிர்ந்தாள். மாமியார் சந்தேகத்தோடு இன்னொரு முறை மிதித்துப் பார்த்தார். மறுபடியும் சளக்.

"சாவியைத் திருப்பாதீங்க அத்தை!"

வார்த்தை போய்ச் சேருவதற்குள் பழக்கதோஷத்தில் கை திருப்பிவிட்டது. கதவுப் பூட்டு தானாக டக் டக்கென்று அடித்துக்கொண்டது. கண்ணாடி பாதி இறங்கி அங்கேயே நின்றது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சிவப்பும் மஞ்சளுமாக இருந்த விளக்கெல்லாம் எரிந்தன. மருமகள் கையை நீட்டி வண்டியை அணைத்தாள்.

மருமகள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். பள்ளி என்றால் கட்டடம் கிடையாது, மணி கிடையாது, இந்த ஒரே கார்தான். இரண்டு பக்கமும் பிரேக், இரண்டு பக்கமும் கிளட்ச். எத்தனையோ பெண்கள் இதில் பழகி உரிமம் வாங்கிப் போய்விட்டார்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் மாணவிதான் கரை சேரவில்லை. இரண்டு முறை தோற்றாயிற்று. வெள்ளிக்கிழமை மூன்றாவது தேர்வு. அதே வாரத்தோடு பழகுநர் உரிமமும் முடிகிறது. தவறவிட்டால் எழுத்துத் தேர்விலிருந்து மறுபடி அரிச்சுவடி. "அதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்லம்மா" என்று மாமியார் முன்பே சொல்லியிருந்தார். தேர்வுக்கு இரட்டைப் பெடல் வண்டிதான் கொண்டுவர வேண்டும். அந்த வண்டி செவ்வாய்க்கிழமை காலை குளமாக நின்றது.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து காபி டம்ளரோடு இறங்கி வந்தார் மாமியாரின் தம்பி. வீட்டில் அவருக்குப் பெயர் பிசின் மாமா. கோப்பையின் காது, செருப்பின் வார், ரிமோட்டின் மூடி என்று எது உடைந்தாலும் ஒட்டிவிடுவார். ஒரு முறை தன் இரண்டு விரல்களையே ஒட்டிக்கொண்டு அரைநாள் எல்லோருக்கும் ஆசீர்வாதம் செய்வதுபோல் திரிந்தார்.

அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "ராத்திரி மழைக்குக் கண்ணாடியை இறக்கி விட்டுட்டு வந்திருப்பேக்கா. மூக்குக் கண்ணாடியை மூக்குல வச்சுக்கிட்டே வீடெல்லாம் தேடறவ நீ. உனக்கு எதுக்கு இந்த வயசுல ஸ்டீயரிங்?"

"ஏத்திட்டுத்தான்டா இறங்கினேன்." சொல்லும்போதே குரல் தேய்ந்தது. "ஏத்தினேன்னுதான் நினைக்கிறேன்."

"இப்பத்தான் பாதி இறங்கிச்சு மாமா. அதுக்கு முன்னாடி மூடித்தான் இருந்துச்சு" என்றாள் மருமகள்.

"கோளாறுல அதுவே ஏறியிருக்கும், அதுவே இறங்கியிருக்கும். இப்பப் பார்த்தியே, பூட்டு தன்னால ஆடுச்சே!"

மாமியார் மெதுவாகக் காரைவிட்டு இறங்கினார். "வெள்ளிக்கிழமை போக வேண்டாம்மா. கண்ணாடியை ஏத்தினேனா இல்லையான்னே உறுதியாச் சொல்ல முடியாதவ ரோட்டுல போனா, எதிர்ல வர்றவன் என்ன பாவம் பண்ணினான்?"

மருமகள் காரின் முன்மூடியைத் தூக்கிப் பேட்டரியின் வயரைக் கழற்றினாள். தண்ணீர் மட்டும் என்றால் பரவாயில்லை, பொறுமையாகக் காத்திருக்கும். மின்சாரத்தோடு கூட்டுச் சேர்ந்தால்தான் உலோகத்தை அரிக்க ஆரம்பிக்கும். ஆகவே முதல் வேலை, அந்தக் கூட்டணியை உடைப்பது. அடுத்து ஓட்டுநர் இருக்கையின் போல்ட்டுகள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு வயர் உண்டு, விபத்தின்போது உப்பிக் காக்கும் காற்றுப்பைக்குப் போவது. மின்சாரத்தின் மிச்சம் மீதி வடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று, பிறகே அதைப் பிரித்தாள். அவசரப்பட்டால் அந்தப் பை முகத்தில் குத்துவிடும்.

"சும்மா நிக்கிறதுக்கு நானும் ஏதாவது பண்றேன்" என்று மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார்.

தரைவிரிப்பு மேலே தொட்டால் ஈரம் அவ்வளவு தெரியவில்லை. அதைப் புரட்டினால் அடியில் இரண்டு விரல் தடிமனுக்குப் பஞ்சு. அதுதான் குடித்து வைத்திருந்தது. மாமியார் துண்டைப் போட்டு இரண்டு கையாலும் அழுத்த, தண்ணீர் விரல் இடுக்கில் பொங்கியது. பிழிந்தார், மறுபடி அழுத்தினார். "அடேயப்பா, அமுக்கமா இருந்து ஊரையே குடிச்சிருக்கு பார்!"

பிசின் மாமா முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்தார். "இதை வச்சு ஒரு ஊது ஊதினா முடிஞ்சுது."

"சூடு அதிகமானா பிளாஸ்டிக் நெளிஞ்சிடும் மாமா. ஈரத்தை விரட்டறது சூடு மட்டும் இல்ல, ஓடற காத்து. நின்ன காத்து நிரம்பின பஸ் மாதிரி. இருக்கறவங்க இறங்கினாத்தான் அடுத்தவங்க ஏற முடியும்."

விரிப்பைத் தூக்கி நிறுத்தி, அடியில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, ஒரு கதவருகே மின்விசிறியை வைத்து, எதிர்க் கதவைத் திறந்துவிட்டாள். காற்று இந்தப் பக்கம் காலியாக நுழைந்து அந்தப் பக்கம் ஈரத்தைச் சுமந்துகொண்டு போயிற்று.

இருக்கைக்கு அடியில் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டிதான் பூட்டுக்கும் கண்ணாடிக்கும் மூளை. அதைக் கழற்றித் திறந்தால், இரண்டு ஊசிமுனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறத் தொடங்கியிருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷை ஆல்கஹாலில் தோய்த்து மருமகள் மென்மையாகத் தேய்த்தாள். ஆல்கஹால் விசேஷமான விருந்தாளி. தண்ணீரோடு கலந்து, கிளம்பும்போது அதையும் கூடவே கூட்டிக்கொண்டு ஆவியாகிவிடும். பின்னால் அழுக்கு எதையும் விட்டுவிட்டுப் போகாது. பெட்டியை வீட்டுக்குள் காற்றோட்டமான அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் காலை தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து ஓரங்களை ஒட்டினாள். அடியில் ஈரம் மிச்சமிருந்தால் தாளின் உட்பக்கம் ஆவி படியும். மதியம் பார்த்தபோது படிந்திருந்தது. மறுபடி துண்டு, மறுபடி விசிறி.

கழற்றி வெளியே வைத்திருந்த இருக்கையில் சாய்ந்தபடி மருமகள் டீ குடித்தாள். குடித்துக்கொண்டே இருக்கையைத் தடவியவள் சட்டென்று எழுந்தாள்.

"அத்தை, இந்தச் சீட்டைத் தொட்டுப் பாருங்க. நாம இதைக் காய வைக்கவே இல்ல."

"காய்ஞ்சுதானே இருக்கு?"

"நேத்துக் கழற்றும்போதும் இப்படித்தான் இருந்துச்சு. கதவுல கை வைக்கிற இடத்துத் தூசிகூட கலையல. கண்ணாடி வழியா மழை வந்திருந்தா முதல்ல நனையறது சீட்டுதானே? தரை மட்டும் எப்படி நனையும்?"

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மருமகள் ஓட்டுநர் பக்கக் கதவைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினாள். உள்ளே 'களக்' என்றது. மறுபடி ஆட்டினாள். களக், களக். குனிந்து கதவின் அடிவிளிம்பைப் பார்த்தாள். அங்கே இருக்க வேண்டிய சிறு துளைகள் இல்லை. அந்த இடத்தில் விரலால் நீவி விட்டாற்போல் சாம்பல் நிறப் பசை. வெகு நேர்த்தியான வேலை.

"மாமா!"

"என்னம்மா மருமகளே?"

"இது யார் வேலை?"

பிசின் மாமாவின் முகம் மலர்ந்தது. "பார்த்துட்டியா! நான்தான். போன மழைக்கு இந்தக் கதவு அடியில சொட்டுச் சொட்டா ஒழுகிட்டு நின்னுது. ஓட்டை இருந்தா ஒழுகாம என்ன செய்யும்? சத்தமில்லாம அடைச்சிட்டேன். நல்லது பண்ணிட்டுத் தம்பட்டம் அடிக்கிற ஆள் இல்ல நான்."

மருமகள் அவரைக் கதவருகே உட்கார வைத்தாள். "கண்ணாடி ஏறி இறங்கற இடுக்கு இருக்கு பாருங்க, மழை எப்பவும் அது வழியாக் கதவுக்குள்ள இறங்கும். எல்லாக் கார்லயும் இறங்கும். அது கீழ வெளியேறத்தான் இந்தத் துளை. நீங்க பார்த்தது ஒழுகல் இல்ல மாமா, வடிகால். அதை அடைச்சதும் கதவு தொட்டி ஆயிடுச்சு. நிரம்பினது உள்பக்கமா வழிஞ்சிருக்கு. தண்ணிக்கு வழி விட்டா வழியாது. வழியை அடைச்சா வழியும்."

பிசின் மாமா வாயைத் திறந்தார், மூடினார். வாழ்நாளில் முதன்முறையாக அவர் வாயே ஒட்டிக்கொண்டது.

"அப்போ" மாமியார் எழுந்து நின்றார், "நான் கண்ணாடியை ஏத்திட்டுத்தான் இறங்கினேன்."

"ஏத்திட்டுத்தான் இறங்கினீங்க அத்தை."

"ஸ்க்ரூடிரைவரைக் குடு இப்படி. நான்தான் குத்துவேன்."

மாமியார் தரையில் உட்கார்ந்து பசையை நெம்பினார். முதல் துளை திறந்ததும் தண்ணீர் பீறிட்டுத் தம்பியின் பாதங்களை நனைத்தது. அவர் துள்ளி விலக, "நில்லுடா, இது உன் தண்ணிதான்!" என்று அடுத்ததையும் குத்தினார். கதவு வடிந்து முடியும்வரை மூவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மாமியார் கேட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள காய்ஞ்சிடுமா?"

"காய வைக்கிறோம்."

கதவின் உள்பலகையையும் கழற்றி அதற்குள்ளும் விசிறிக் காற்றைத் திருப்பினார்கள். இந்த முறை விசிறியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பிசின் மாமா. வியாழன் மாலை, பிளாஸ்டிக் தாள் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. பெட்டி, பலகை, இருக்கை, மஞ்சள் வயர் எல்லாம் கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டுப் பூட்டிய பிறகே பேட்டரி.

"இப்பத் திருப்புங்க அத்தை."

விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தன. பிசின் மாமா "ஐயையோ" என்றார். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்போது அப்படித்தான் எரியும். ஒவ்வொன்றாக அணைந்தன. காற்றுப்பை விளக்கு மட்டும் பிடிவாதமாக நின்றது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள். அதுவும் அணைந்தது. மாமியார் பொத்தானை அழுத்தினார். கண்ணாடி ஒரு முனகலோடு நேராக மேலேறி மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மழை. தேர்வு அதிகாரி குடையை மடக்கிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்து ஏறினார். மருமகள் கூரையடியில் நின்று பார்த்தாள். கார் கிளம்பியது, வளைந்தது, மேட்டில் நின்றது. போன முறை பின்னால் உருண்ட இடம். ஒரு கணம் அசைவில்லை. பிறகு வழுக்காமல் மேலேறி மறுபக்கம் மறைந்தது.

திரும்பி வந்தபோது அதிகாரி சிரித்துக்கொண்டு இறங்கினார். "கண்ணாடியில ஆவி படிஞ்சுது. என்ன செய்வீங்கன்னு கேட்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஏசியைப் போட்டு, ஏன் போடணும்னு எனக்கே பாடம் எடுத்துட்டாங்க. பாஸ்."

மருமகள் மழையில் ஓடிப்போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். "அத்தை! நகருங்க, வீட்டுக்கு நான் ஓட்டறேன்."

மாமியார் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஏம்மா, இப்ப பாஸ் ஆனது நீயா நானா? நனையாம அந்தப் பக்கம் ஏறு."