கடல் பக்கத்து இருக்கை

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்ததுமே வாக்குவாதம் ஆரம்பமாகிவிட்டது.

"இந்தத் தடவை தெற்கேயிருந்து போலாமே," என்றாள் லவோன். "முதல்ல ஹீல்ட்ஸ்பர்க்ல ஒயின் ருசி பார்க்கிற சமாச்சாரத்தை முடிச்சுக்கலாம். அப்புறம் ஜென்னர் வழியா வடக்கே ஏறலாம்."

தேவாலயத்தில் கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பதுபோல் ஆர்வின் அவளைப் பார்த்தான்.

"வோனி, உனக்கு என்ன ஆச்சு? தெற்கே பார்த்து வந்தாத்தான் கடல் நம்ம பக்கம். நேத்து கலிபோர்னியாவுக்குக் குடிவந்தவனுக்குக்கூட இது தெரியும்."

அவன் சொன்னது உண்மைதான். ஃபோர்ட் பிராக்கில் தொடங்கித் தெற்கே இறங்கினால், ஓட்டுகிறவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் நடுவில் காரின் கதவைத் தவிர வேறொன்றும் இல்லை. திரும்பி வடக்கே ஏறினால் மலையை ஒட்டிப் போகலாம். கடல் எதிர்த் தடத்துக்கு அப்பால் தள்ளிப் போய்விடும். கல்யாணமான புதிதில் ஆர்வின் இதையெல்லாம் யோசித்துத்தான் வழி போட்டான். பழைய ஃபோர்டு வண்டியின் கதவைத் திறந்துவிட்டு, "கடல் பக்கம் உனக்கு," என்றான். லோடை ஊரில் பம்ப் மெக்கானிக் வேலை பார்க்கிற இருபத்தாறு வயதுப் பையன், சமுத்திரத்தையே வாங்கிக் கொடுத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். அந்த முகத்திடம் போய், எனக்கு உயரம் என்றால் ஈரல்குலை நடுங்கும் என்று எந்தப் பெண்டாட்டி சொல்லுவாள்?

லவோன் சொல்லவில்லை. அன்றிலிருந்து வருஷம் தவறாமல் இதே வழியில் போன நாற்பத்து மூன்று ஏப்ரல் மாதங்களிலும் சொல்லவில்லை.

முதல் வளைவிலேயே அவள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பிவிட்டாள். ஆனால் ஆர்வினால் சாலையை விட்டுக் கண்ணெடுக்க முடியாது. பாவம், ஆசை மட்டும் அடங்கவில்லை. "என்ன தெரியுது வோனி? சொல்லேன், சொல்லேன்," என்று நச்சரித்தான். அவளும் சொன்னாள். திமிங்கிலம் என்றாள். நீர்நாய்கள் மல்லாந்து மிதக்கின்றன என்றாள். ஜென்னருக்கு முன்னால், வண்டியை நிறுத்த ஓரடி இடம்கூட இல்லாத ஒரு கொண்டை ஊசி வளைவில், கீழே சின்னக் குடா இருக்கிறது, மணலில் நீலப் படகு ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது என்று அளந்துவிட்டாள்.

வினை அதில்தான் வந்தது. அடுத்த ஏப்ரலில் அதே வளைவில், "படகு இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்றாள். அதற்கடுத்த வருஷம் படகுக்குச் சொந்தக்காரன் ஒருவனைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பிறகு அவனுக்கு ஒரு நாய். ஒரு வருஷம், எத்தனை காலம்தான் அந்த நாய் உயிரோடு இருக்கும் என்று தோன்றவே, "நாயைக் காணோம்," என்றாள். ஆர்வின் இடிந்துபோனான். ஹீல்ட்ஸ்பர்க்கில் எந்த ஒயினையும் அவன் பழிக்காத வருஷம் அது ஒன்றுதான். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த லோடைக்காரன். 'இதெல்லாம் ஒரு ஜின்ஃபண்டல் ஒயினா?' என்று அடுத்த ஊர்க்காரனிடம் கேட்டுவிட்டு வரவே வருஷாவருஷம் போகிறவன், அன்று ஊற்றியதையெல்லாம் வாய் பேசாமல் குடித்தான். மறு ஏப்ரலில் லவோன் ஒரு நாய்க்குட்டியை இறக்கிவிட்டாள்.

இப்போது அந்தப் பொய்கள் எல்லாம் பென்சில் எழுத்தில் வரைபடத்தின் ஓரத்தில் இருந்தன. மடிப்புகளில் டேப் ஒட்டிய அந்தப் பழைய தாளில், வருஷம் போட்டு, 'படகுக்குப் புதுச் சாயம்', 'குட்டி வளர்ந்துவிட்டது' என்று ஆர்வின் எழுதி வைத்திருந்தான். அதைப் படிக்க இப்போது அவன் தலையைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டியிருந்தது. பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வருகிறது; அடுத்த வருஷம் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாதென்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஜனவரியில் காரால் பக்கத்து வீட்டின் சாலையோரத் தபால் பெட்டியை இடித்துத் தள்ளிய அன்றே, யாரும் கேட்காமல் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டான்.

"நீ ஓட்டு. நான் உன் சீட்ல உட்கார்றேன்," என்று வரைபடத்தைத் தடவினான். "எல்லாம் மங்குறதுக்குள்ள அந்தப் படகை ஒரே ஒரு தடவை என் கண்ணால பார்த்துடணும். வேற எதுவும் வேண்டாம்."

லவோன் தெற்கேயிருந்து போகலாம் என்றதே இதற்குப் பயந்துதான். மலையை ஒட்டி ஏறிவிட்டால், குடா கண்ணில் படாததற்கு எதிர்த் தடத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அதற்கு இவன் மசிய மாட்டான். அந்த வளைவு வரும். ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு தேடுவான். ஒன்றும் தெரியாது. படகு இல்லை என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது. தன் கண் அவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடுவான்.

"ஆர்வின், அங்கே படகு கிடையாது."

"எடுத்துட்டானா? உனக்கு யார் சொன்னா?"

"எப்பவுமே கிடையாது. குடாவே இருக்கோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நான் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பினதில்லை. பயம். எல்லாம் நானா கட்டிவிட்டது."

ஆர்வின் அவளையே பார்த்தான். பிறகு எழுந்து பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான். ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். எலுமிச்சை மரத்தடியில், தொலைத்த திருகாணியைத் தேடுகிறவன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்படியே கால் மணி நேரம் ஓடியது. லவோன் இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்தவன் வாசற்படியிலேயே நின்றான்.

"நாய் கூடவா?"

"நாயும்தான்."

"அது செத்தது?"

"அதுவும்தான்."

"அடிப்பாவி! ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கலை, தெரியுமா? நம்ம பொண்ணு பள்ளிக்கூடத்துல அதைப் பத்திக் கட்டுரையே எழுதினா. இவ்வளவு வருஷம் மூடி வெச்சதை இப்ப எதுக்குச் சொன்னே?"

"நீ தேடுவே. கிடைக்கலைன்னா உன் கண்ணுதான் போயிடுச்சுன்னு நினைப்பே." அவள் அவன் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அதை என்னால பார்க்க முடியாது, ஆர்வின். திட்டணும்னா திட்டிக்கோ."

அவன் திட்டவில்லை. வந்து உட்கார்ந்து, பென்சில் எழுத்துகள் மேல் விரலை ஓட்டினான்.

"அப்போ அவ்வளவு தூரமும் நீ எதைத்தான் பார்த்துட்டு வந்தே?"

"உன்னைத்தான். வேற என்ன இருந்தது அந்தப் பக்கம்? வளைவு வந்தா நாக்கைக் கடிச்சுக்குவே. லாரி எதிர்ல வந்தா காது சிவக்கும். முதல் நரை உன் இடது கிருதாவுல வந்ததுன்னுதானே நினைச்சிட்டிருக்கே? இல்லை. வலதுல. எல்க்ங்கிற ஊரைத் தாண்டினதும் பார்த்தேன்."

ஆர்வின் வலது கிருதாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி, ஜென்னர் பக்கத்தை அவள் முன்னால் வைத்தான்.

"சரி. தெற்கேயிருந்தே போலாம். மலையோரமாவே ஓட்டு. பயந்துக்கிட்டு எதுக்கு?"

லவோன் தாளைப் பார்த்தாள். ஓட்டுகிறவளுக்குக் கண்ணை எங்கும் ஒளித்துக்கொள்ள வழியில்லை. வளைவுக்கு வளைவு முன்னால் பார்த்தே ஆகவேண்டும். உள்ளங்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, வரைபடத்தைப் பழையபடி திருப்பினாள். ஃபோர்ட் பிராக் மேலே வந்தது.

"கடல் பக்கம் உனக்கு," என்றாள்.

ஆர்வின் பென்சிலைத் தேடி எடுத்து, ஓரத்தில் இந்த வருஷத்தைக் கொட்டை எழுத்தில் எழுதினான்.

"நீ ரோட்டை மட்டும் பாரு. என்ன தெரியுதுன்னு நான் சொல்றேன்."

"இருக்கிறதை மட்டும் சொல்லு. என்னை மாதிரி அளக்காதே."

"அது எப்படி முடியும்?" என்றான் ஆர்வின். "அப்புறம் அந்த நாயை யார் பார்த்துக்கிறது?"