இளைய ஜஹனாராவின் குரல்

கானா மெட்டையும் எலெக்ட்ரிக் கிடாரையும் கலந்து ஜஹனாரா பாட ஆரம்பித்தபோது அதற்கு ஊரில் பெயர்கூடக் கிடையாது. பாட்டை அவளே எழுதினாள், அவளே மெட்டுப் போட்டாள். மயிலாப்பூர் சபாக்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. கல்லூரி விழாக்கள் சேர்த்துக்கொண்டன. தணிகாசலம் கிடார் வாசித்தார். டிரம்ஸ் வாசித்த ஷரீஃபைக் கல்யாணம் செய்துகொண்டாள். சினிமாவில் கூப்பிட்டார்கள். வேறு யாரோ எழுதியதைப் பாட வேண்டும் என்றதும் போகவில்லை. நாற்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது.

ஷரீஃப் மாரடைப்பில் போன மறு வருடம், அவளுக்குத் தைராய்டு கட்டியை அறுத்து எடுத்தார்கள். பேச்சு திரும்பியது. பாட்டு திரும்பவில்லை; மேல் ஸ்தாயிக்குப் போனால் வெறும் காற்றுதான் வந்தது.

திருவான்மியூர் வீட்டில் உட்கார்ந்து புதுப் பாட்டுகள் எழுதினாள். ஒன்றை முணுமுணுத்துப் பதிவுசெய்து, அசோக் நகரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சுரேஷ்குமாருக்கு அனுப்பினாள். தணிகாசலத்தோடு அங்கே போனபோது அவன் கொஞ்சம் தயங்கினான்.

"கோச்சுக்காதீங்க மேடம். உங்க பழைய ரெக்கார்டிங் எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குக் குடுத்து, புதுப் பாட்ட உங்க அந்தக் காலத்துக் குரல்ல பாட வச்சுப் பாத்தேன். கேளுங்க."

ஸ்பீக்கரில் இருபத்தைந்து வயது ஜஹனாரா பாடினாள். கணவன் இறந்தபின் பால் கடையில் சின்ன பாக்கெட் கேட்கும் பெண்ணைப் பற்றிய பாட்டு. சுருதி இம்மிகூட விலகவில்லை. மூச்சு இழுக்கும் இடம்கூட அவளுடையதுதான்.

தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்டியே நீதான் ஜானு. இன்னா கொரலு! இதையே போட்ருவோம்."

ஜஹனாராவுக்கு அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் பாடுவதைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒத்திகைக்கு வராமல் கிரிக்கெட் பார்க்கப் போன ஷரீஃபோடு நாள்கணக்கில் பேசாமல் இருந்தவள் அந்த இருபத்தைந்து வயதுப் பெண்.

"நல்லாத்தான் பாடுறா," என்றாள். "ஆனா அவ புருஷன் உயிரோட இருக்கான்."

சுரேஷ்குமார் அதை நிறுத்தினான்.

"தணி, சுருதிய எறக்கு."

"இதுக்கு மேல எறக்குனா தந்தி தொளதொளன்னு ஆயிடும்."

"ஆவட்டும்."

உள்ளே போய்ப் பாடினாள். இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்தது. மறுபடி பாடினாள்; அதே இடத்தில் உடைந்தது. கடைசியில் அந்த வரியைப் பாடாமல் பேசிவிட்டாள். அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

ஆல்பம் வந்ததும் ரசிகர் ஒருவர், குரல் போன பிறகு இதெல்லாம் எதற்கு என்று எழுதியிருந்தார். அவர் கேட்டதில் தப்பில்லை என்றே அவளுக்குப் பட்டது. வேறு சிலர் பால் பாக்கெட் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டதாக எழுதினார்கள்.

மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கில் கச்சேரி. முக்கால்வாசி நிறைந்திருந்தது. அவளுடைய பிரபலமான பழைய பாட்டைப் பாடச் சொல்லி முன்வரிசையில் கத்தினார்கள்.

"அது இப்ப எனக்கு வராதுங்க," என்றாள் மைக்கில். "நீங்க பாடுங்க. நான் கேக்கறேன்."

ஆளுக்கொரு சுருதியில் பாடினார்கள். ஜஹனாரா நாற்காலியில் உட்கார்ந்து முழுதும் கேட்டாள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த பாட்டுக்குத் தணிகாசலத்தைப் பார்த்துத் தலையசைத்தாள்.