குறை சொல்ல ஒண்ணுமில்ல

எங்கள் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. கூரை இடிந்து தலையில் விழுந்திருந்தாலும் "குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்பார்கள். ஆர்வில் அதில் கைதேர்ந்தவர்.

அவருக்குக் கணையத்தில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவதுதான் கதி. ஏற்றும் மருந்துகளில் ஒன்று பொல்லாதது. குளிர்ந்த எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். போகப்போக விரல் மரத்துவிடும். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்தே குளிர்காலத்தை ஓட்டிய மனுஷர், இப்போது ஃப்ரிட்ஜைத் திறக்கவே கையுறை மாட்டுகிறார்.

அன்று காலையும் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டது மனைவி லவோன்தான். ஒரு மாதமாக அதுதான் வழக்கம். அதைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள். குறைத்து, கட்டி மறுபடி வளர்ந்துவிட்டால்? போன ஸ்கேனில் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சில நேரம் அவளுக்கே தன்மேல் வெறுப்பாக வந்தது.

மருந்தேற்றும் அறையில் நர்ஸ் ஜோலீன் வழக்கம்போலக் கேட்டாள். "விரலெல்லாம் எப்படி இருக்கு ஆர்வில்? பொத்தான் போட முடியுதா?"

"குறை சொல்ல ஒண்ணுமில்ல."

லவோன் அவர் கட்டைவிரலைப் பார்த்தாள். பெரிய கொப்புளம். முந்தின நாள் அடுப்பிலிருந்த சட்டியை வெறுங்கையால் தூக்கிவிட்டார், சுட்டதே தெரியவில்லை.

"பொய்," என்றாள். "அந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டது நான். ஒரு மாசமா நான்தான் போடறேன்."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. கேக்காமலேயே சொல்றேன்."

ஆர்வில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மருந்தை நிறுத்திட்டா நீ தாங்கமாட்டேன்னுதானே பல்லைக் கடிச்சிட்டிருந்தேன்."

"நானும் உனக்காகன்னுதானே வாயை மூடிட்டிருந்தேன்," என்றாள் லவோன்.

டாக்டர் வந்து விரல்களை ஊசியால் குத்திப் பார்த்தார். அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடரலாம் என்றார்.

"கட்டி?" என்று கேட்டாள் லவோன்.

"அடுத்த ஸ்கேன்ல பார்ப்போம். உறுதியா எதுவும் சொல்ல முடியாதும்மா."

டாக்டர் போனபின் ஜோலீன் மருந்துப் பையை மாட்டியபடி கேட்டாள். "நீங்க எப்படி இருக்கீங்க லவோன்?"

"எனக்கென்ன? குறை சொல்ல ஒண்ணுமில்ல." அது தானாகவே வாயில் வந்துவிட்டது.

ஆர்வில் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "பொய். தினமும் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுட்டு உள்ள உக்காந்து அழறா. அதையும் எழுதிக்கோ."