அவெலினோவின் உரிமம்

1

இந்தக் கதை, போனைக் காதில் வைத்துக் காத்திருந்தபோது பிறந்தது. என் வீட்டுக் கொல்லையில் கான்கிரீட் தளம் போட வந்தவர் ஒரு காப்பீட்டுச் சான்று கொடுத்தார். அது மெய்தானா என்று கேட்க முகவர் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். "கொஞ்சம் இருங்க" என்று போனில் பியானோ இசையை ஓடவிட்டார்கள். அந்த மனிதரோ ஜன்னலுக்கு வெளியே மண்டி போட்டு, தண்ணீர் வடிய நிலத்தின் வாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை முதுகுக்குப் பின்னால் விசாரிக்கிறோமே என்று ஒரே கூச்சம். அந்தக் கூச்சத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இடாலினாவை உண்டாக்கினேன்.

(என் ஆளின் சான்று சரியாகவே இருந்தது. அவரை வைத்துக் கதை எழுத முடியாது.)

2

முதல் தொடக்கம்: "டர்லாக் ஊரில் ஒரு மோசடிக்காரன்..." வேண்டாம்.

அடுத்தது: "பாதாம் மரங்கள் பூத்துக் குலுங்கிய அந்த..." இதுவும் வேண்டாம். பூவைக் காட்டி உங்களை மயக்குகிற உத்தேசம் இல்லை.

நேராகவே சொல்கிறேன். இடாலினாவின் கணவர் ஜர்மானோ வாசற்படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சிகிச்சை இல்லத்திலிருந்து சக்கர நாற்காலியில்தான் வீடு திரும்பப் போகிறார். தெருவிலிருந்து வாசல்வரை கான்கிரீட்டில் சாய்தளம் வேண்டும். "அவெலினோகிட்டச் சொல்லிடு" என்றார். வேறு யார் பெயரும் அவர் வாயில் வராது. நடுக்கடலில் கிடக்கும் அசோர்ஸ் தீவுகள் ஒன்றில், ஒரே தெருவில் பிறந்து, கலிபோர்னியாவுக்கு வந்து ஒரே பண்ணையில் மாடு கறந்தவர்கள் இருவரும். இவர்கள் மகளுக்கு ஞானத்தகப்பனும் அவெலினோதான். இப்போது அவர் கான்கிரீட் வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்.

இடாலினா வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை பள்ளி அலுவலகத்தில் போன் எடுத்தவள். 'பிள்ளைக்குக் காய்ச்சல்' என்பவர்களின் பின்னால் கடலலை கேட்கிறதா என்று கவனித்துப் பழகிய காது. அவெலினோவின் வண்டிக் கதவில் எழுதியிருந்த உரிம எண்ணை, ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமம் தரும் மாநில வாரியத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தாள். சந்தேகம் ஒன்றுமில்லை, வெறும் பழக்கம்.

'முடக்கப்பட்டுள்ளது' என்று வந்தது. காரணம், தொழிலாளர் காப்பீடு இல்லை.

காப்பீட்டு நிறுவனத்தின் எண்ணைத் தானே தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். "அந்தப் பாலிசி நவம்பர்லயே ரத்தாயிடுச்சும்மா" என்றது ஒரு இளங்குரல்.

ஜர்மானோவிடம் சொன்னபோது அவர் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

"அவெலினோவையா விசாரிச்ச? போலீஸ்காரியா நீ?"

"அவர் நல்லவர்தான், யார் இல்லன்னா? அவர் ஆள் ஒருத்தன் நம்ம வாசல்ல கால ஒடச்சிக்கிட்டா? ஆஸ்பத்திரிச் செலவு நம்ம தலையில விழும். வீடே போயிடும்."

"போனாப் போவட்டும். அவன்கிட்ட இத நீ கேட்டியானா, அப்புறம் என்னைப் பாக்க வராத."

3

இந்த இடத்தில் எனக்கே அவெலினோமேல் சந்தேகம் வந்தது. அவரை ஏமாற்றுக்காரர் ஆக்கிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். 'அவர் கண்கள் அலைபாய்ந்தன' என்றுகூட எழுதிவிட்டேன். ஆனால் எழுதி வரவழைத்தால், மனிதர் சிமெண்ட் ஒட்டிய பூட்ஸைப் படியிலேயே கழற்றிவிட்டு, ஓட்டைச் சாக்ஸோடு இடாலினாவின் சமையலறைக்குள் வருகிறார். இனிப்பு ரொட்டியைக் காப்பியில் முக்கித் தின்கிறார். கண் எங்கேயும் அலையவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

"அண்ணே, உங்க உரிமம் முடங்கிக் கெடக்கு. தெரியுமா?"

"என்ன தங்கச்சி உளர்ற? காலையிலகூட வேலை பாத்துட்டுதானே வர்றேன்."

அவள் போனை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். ரொட்டி காப்பிக்குள் விழுந்தது.

(கேட்டதற்காகக் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.)

அவர் உடனே தன் போனை எடுத்தார். "டேய், ரம்பத்த நிறுத்து. எல்லாரும் வீட்டுக்குப் போங்க. இன்னிக்குக் கூலி உண்டு, போங்க. யாருக்கும் அடிகிடி படலியே?" வைத்துவிட்டு, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாலு பேரு. இத்தனை நாளும் அவனுங்களக் காப்பீடே இல்லாம வேலைக்கு அனுப்பியிருக்கேன்."

"புதுப்பிக்கலியா?"

"அதெல்லாம் லியோனோர்தான் பாத்துக்குவா."

லியோனோர் அவர் மனைவி. செப்டம்பரில் இறந்துபோனாள்.

"அந்த ஆபீஸ் ரூமுக்குள்ள நான் இன்னும் போகல, தங்கச்சி. அவ ஸ்வெட்டர் நாற்காலில கெடக்கு. எடுத்தா..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடித்துப் பார்த்தேன், நன்றாக வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

"வண்டிய எடுங்க" என்றாள் இடாலினா, பள்ளி அலுவலகக் குரலில். "நானும் வர்றேன்."

அறைக் கதவை அவள்தான் திறந்தாள். அவர் நிலைப்படியிலேயே நின்றார். "இத எங்க வைக்கட்டும்?" என்றாள் ஸ்வெட்டரைக் காட்டி. அவர் உள்ளே வந்து அதை வாங்கி அதே நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் போட்டுக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

4

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவெலினோ முறைத்துக்கொண்டு போய்விடுகிறார். இன்னொன்றில் அவள் விசாரிக்கவே இல்லை. ஈரப் பலகையில் ஒரு தொழிலாளி கால் வைக்கிறான்... அங்கேயே நிறுத்திவிட்டேன். நமக்குப் புத்தி வர ஒருவன் எலும்பு முறிய வேண்டுமா?

நான் வைத்துக்கொண்டது இது. உரிமம் திரும்ப உயிர்பெறச் சில வாரங்கள் ஆயின. அதுவரை ஜர்மானோ சிகிச்சை இல்லத்திலேயே இருந்தார். மனைவி வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள் அவெலினோவே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உன் பொண்டாட்டி என் ஆளுங்களக் காப்பாத்தியிருக்காடா. அவகிட்டப் பேசு. இல்லாட்டி உன் சாய்தளத்த வாய்க்கால்ல கொண்டுபோய் விட்டுருவேன்."

தளம் இறுகிய பிறகு ஒரு காலையில் ஜர்மானோ வந்து இறங்கினார். அவெலினோ நாற்காலியைத் தள்ள, இடாலினா பக்கத்தில் நடந்தாள். பாதி ஏறியதும் ஜர்மானோ கேட்டார்:

"ஏ இடா, என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது விசாரிச்சியா?"

"விசாரிக்காம?"

"யார்கிட்ட?"

நாற்காலி நின்றது. "அத மட்டும் சொல்லிடாத, தங்கச்சி" என்றார் பின்னாலிருந்து அவெலினோ.

விசாரிக்க வந்தவளிடம் அவெலினோ அன்றைக்கு என்ன சொல்லியிருப்பார்? எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஆனால் எழுதப்போவதில்லை, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். மூன்று பேரும் சரிவின் நடுவில் நிற்கிறார்கள். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் சொல்லி, அவர்களை உள்ளே அனுப்பிவிடுங்கள்.